விமானப் பயமும் தாய்மாமன் முறையும்

எங்கள் வகையறாவில் ஒரு விதி உண்டு. எந்த அரசாணையிலும் அது இல்லை. ஆனால் எந்த அரசாணையையும்விடக் கறாராகப் பின்பற்றப்படுகிறது. மணப்பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டியவர் தாய்மாமன். அவர் உயிரோடு இல்லை என்றாலோ, எழுந்து நடமாட முடியாத நோயில் கிடந்தாலோ, பங்காளிகளில் அடுத்தவர் அந்த இடத்தில் நிற்கலாம். வேறு காரணம் எதுவும் செல்லாது.

முதல் காரணத்துக்கு நான் தயாராக இல்லை. இரண்டாவதை என் உடம்பே தயாரித்துக் கொடுத்தது.

நான் கருவூல அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விடுப்பு விண்ணப்பத்தில் எந்தக் காரணம் செல்லும், எது செல்லாது என்று பணிக்காலம் முழுவதும் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன். இப்போது இதை எழுதுவது, விமானம் என்று கேட்டாலே உள்ளங்கை வேர்க்கிறவர்களுக்காக. நம்மைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. என் ஒரே தங்கை பேச்சியம்மாள் போர்ட் பிளேயரில் இருந்தாள். கணவருக்கு அங்கே பொதுப்பணித்துறையில் வேலை. அவர்கள் மகள் கயல்விழிக்கு அங்கேயே வரன் அமைந்து, ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள். ஆவணியில் கடல் கொந்தளிக்கும். கப்பல் சொன்ன நாளில் சொன்ன இடத்துக்குப் போகாது. ஆகவே மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், எனக்கும் என் மனைவி சொர்ணத்துக்கும் சென்னையிலிருந்து விமானச் சீட்டு எடுத்து அனுப்பிவிட்டார்.

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டின் கூடத்தில் அந்த உறையைப் பிரித்தேன். இடது கை மரத்தது. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். நாக்கு வறண்டது. சொர்ணம் தண்ணீர் கொண்டு வருவதற்குள் நான் இறந்துவிட்டதாகவே முடிவு செய்து, குடும்ப ஓய்வூதியத்துக்கு அவள் நிரப்ப வேண்டிய படிவங்களைச் சொல்லத் தொடங்கியிருந்தேன்.

பக்கத்துத் தெரு மருத்துவர் இதய மின்வரைபடம் (இதயம் துடிக்கும் விதத்தைத் தாளில் கோடாகப் பதியும் சோதனை) எடுத்துப் பார்த்தார்.

“சார், ஒங்க இதயம் என் இதயத்தை விட நல்லா இருக்கு” என்றார்.

ஏமாற்றமாக இருந்தது. நோய் இருந்திருந்தால் விதி பொருந்தியிருக்கும்.

அதன் பிறகு விமானம் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் கதவு தட்டப்பட்டது. பத்திரிகையில் விமானப் படம் வந்தால் பக்கத்தைப் புரட்டினேன். தங்கையிடமிருந்து கடிதம் வந்தது: “அண்ணே, வருவீகளா, மாட்டீகளா, ஒரு வரி எழுதுங்க.” எழுதவில்லை. இன்னொன்று வந்தது. அதற்கும் எழுதவில்லை. நிலுவைக் கோப்புகளைக் கண்டால் சீறி விழுந்தவன், இரண்டு கடிதங்களை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

உசிலம்பட்டியில் என் சித்தப்பா மகன் ஒச்சப்பன் இருக்கிறான். மாட்டு வியாபாரி. விதிப்படி எனக்கு அடுத்த இடம் அவனுக்கு. எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பியதும் டவுன் பஸ் பிடித்து வந்துவிட்டான். முகத்தில் துக்கத்தைவிட ஆர்வம்தான் தெரிந்தது.

“அண்ணே, நீங்க பேசாமப் படுங்க. நான் போய்ட்டு வாரேன். நம்ம புள்ள கல்யாணம், நான் போக மாட்டனா?”

“விமானத்தில போகணும் ஒச்சு. கடலுக்கு மேல.”

“அதத்தாண்ணே நானும் சொல்றேன். எம்புட்டு நாளா ஆசை! விழுந்தா விழுகட்டும். நம்ம பக்கத்துல ஏரோப்ளேன்ல செத்தவன் ஒருத்தன் இருக்கானா? எனக்குச் சிலையே வப்பாங்க.” சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து அப்போதே தலை வாரிக்கொண்டான். “அந்த டிக்கெட்ட எம் பேருக்கு மாத்திருவாகள்ல?”

விமானச் சீட்டைப் பெயர் மாற்ற முடியாது. சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை நான் வரி விடாமல் படித்திருந்தேன். ரத்து செய்து புதிதாக எடுக்கலாம். அதற்கு மருத்துவச் சான்றிதழ் இருந்தால் நல்லது.

சான்றிதழுக்காகத்தான் மனநல மருத்துவரிடம் போனேன். குணமாகப் போகவில்லை. இதை மறைப்பதில் பயனில்லை.

“மனசு டாக்டர்ட்டயா?” என்று சொர்ணம் குரலைத் தாழ்த்தினாள். “நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாக?”

“வயித்து வலின்னு சொல்லிக்க.”

“வயித்து வலிக்கு எதுக்குங்க கேணப்பய மாதிரி முழிக்கிறீக?”

மருத்துவர் இளம்பெண். என் வயதில் பாதி இருக்கலாம். நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். வந்தது பதற்றத் தாக்கு என்றார் (ஆபத்து வருவதற்கு முன்பே, ஆபத்துக்கான எல்லா ஏற்பாடுகளையும் உடம்பு செய்து முடித்துவிடுவது). மழை பெய்யும் முன்பே வெள்ள நிவாரண முகாம் திறக்கிற ஒரு தாசில்தாரை எனக்குத் தெரியும். அவர் இப்போது என் நெஞ்சுக்குள் பணியமர்ந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

“பயணத்துக்குத் தகுதியற்றவர்னு ஒரு சான்றிதழ் தந்தாப் போதும்” என்றேன்.

“இப்பவே தர்றேன் சார். ஆனா அதுல காரணம் எழுதணும்ல. என்னன்னு எழுத?”

“இதய பலவீனம்னு...”

“அது பொய். பயம்னு எழுதவா?” பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஒச்சப்பன் அந்தத் தாளை உசிலம்பட்டிச் சந்தையில், மாட்டைத் தட்டிக்கொண்டே வாசித்துக் காட்டுவான். என் கண்முன் அந்தக் காட்சி முழுவதும் ஓடியது. அதைவிட மோசமான இன்னொன்று, வேறொருவன் கையைப் பிடித்துக்கொண்டு கயல்விழி மணவறைக்கு நடந்து வருவது. பிறந்த அன்று நான் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்த பிள்ளை அது.

“மாத்து வழி ஏதாவது உண்டா?” என்று கேட்டேன்.

“உண்டு சார். படிப்படியாத்தான் போகணும்.”

படிப்படியாக என்ற சொல் எனக்குப் பிடித்தது. கோப்பு மேலே போவதும் அப்படித்தான். அஞ்சும் பொருளைத் தூரத்திலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவது. பயம் ஏறும்போது ஓடாமல், அது தானாக இறங்கும்வரை அங்கேயே நிற்பது. இதுதான் வைத்தியம். மூச்சுப் பயிற்சி ஒன்றும் சொல்லிக் கொடுத்தார். இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். மிகவும் அவசியப்பட்டால் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரையும் எழுதினார்.

முதல் வேலை, தினமும் காலையில் காப்பிக்கு முன் விமானச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. சிரிக்க வேண்டாம், கடினமான வேலை. முதல் நாள் வேர்த்து, சீட்டில் என் பெயர் ஈரமானது. ஒரு வாரத்தில் அது ரயில் சீட்டைப் போல் ஆகிவிட்டது. கோபம்கூட வந்தது, என் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தார்கள்.

அடுத்தது விமான நிலையம். அப்போதெல்லாம் மதுரையில் மாலை விமானம் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். சொர்ணம் புளியோதரை கட்டினாள். நான் பெருங்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மூச்சை எண்ணத் தொடங்கிவிட்டேன். விமானம் இறங்கியபோது நான் வேலிக்கருவைப் புதருக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். சொர்ணம் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, “ஏங்க, வாங்கங்க! உள்ள இருந்து ஆள் இறங்குதுங்க! எல்லாரும் முழுசா இருக்காக!” என்று கத்தினாள்.

ஆனால் நான் ஓடவில்லை. புதருக்குப் பின்னாலேயே நின்றேன். மருத்துவர் சொன்னபடி பயம் ஏறியது. ஓர் உச்சிக்குப் போனது. அதற்கு மேல் போவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. பிறகு இறங்கியது. அதை முதல்முறையாகப் பார்த்தபோது, ஒரு மேலதிகாரியின் மிரட்டலுக்குப் பின்னால் எந்த அதிகாரமும் இல்லை என்று கண்டுபிடித்த மகிழ்ச்சி வந்தது.

திரும்பத் திரும்பப் போனோம். ஒரு நாள் வேலியோரம் என்னருகே நின்ற விவசாயி ஒருவர் கேட்டார்: “இம்புட்டுப் பெரிய வண்டி, எப்படிண்ணே மேல தூக்குது?”

நூலகத்திலிருந்து நான் கொண்டுவந்து படித்துவைத்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். இறக்கையின் வளைவு, காற்றின் ஓட்டம், மேலே அழுத்தம் குறைவது. துண்டை வாங்கி இரு கையாலும் பிடித்து, ஊதியே தூக்கிக் காட்டினேன். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். விமானம் ஓடுதளத்தில் வேகம் எடுத்தது. “இப்பப் பாருங்க, மூக்கு முதல்ல எந்திரிக்கும்!” என்று நான்தான் கத்தினேன். எழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நான் சொல்லித்தான் அது எழுந்ததுபோல.

“அண்ணன் பைலட்டோ?” என்றார் விவசாயி.

“இல்ல. பயணி” என்றேன். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் தங்கைக்குக் கடிதம் எழுதினேன். தந்தி கொடுத்திருக்கலாம், சொர்ணம் விடவில்லை. எங்கள் வீடுகளில் தந்தி என்றால் சாவு. தந்திச் சேவகன் தெருமுனையில் வரும்போதே வாசலில் ஒப்பாரி தொடங்கிவிடும். பிரித்துப் படிப்பதெல்லாம் பிறகு. கல்யாண வீட்டுக்குத் தந்தி அனுப்பும் துணிச்சல் எனக்கும் இல்லை. முறையாக முகவரி எழுதி, முறையாகத் தலைமை அஞ்சலகத்திலேயே சேர்த்தேன். கடிதம் விமானத்தில் போகும் என்று நினைத்தேன். ஆவணிக் கடலில் கப்பல் ஏறியது அது.

பிறகு வீடு அமர்க்களப்பட்டது. சீர்ப் பட்டு, வெண்கலக் குத்துவிளக்கு, முறுக்கு, அதிரசம். எடை வரம்பு இருப்பதால் பெட்டிகளை நிறுத்துப் பார்க்க வேண்டும். பரவையில் எங்களுக்குத் தெரிந்த காய்கறி மண்டிக்காரர் வெங்காய மூட்டை நிறுக்கும் தராசில் அங்கேயே ஏற்றிப் பார்க்க விட்டார். குத்துவிளக்கை ஏற்றினால் அதிரசம் இறங்க வேண்டும். அதிரசம் ஏறினால் என் சட்டைகள் இறங்க வேண்டும். “தாய்மாமனுக்கு எதுக்கு இத்தன சட்டை? அங்க வேட்டி எடுத்துக் குடுப்பாக” என்று சொர்ணம் தீர்ப்பு சொன்னாள். மண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அன்று அதற்கு நான் எந்தச் சிகிச்சையும் செய்யவில்லை.

சென்னையில் விமானத்தின் படியில் கால் வைத்தபோது இடது கை மரத்தது. வா என்றேன் பயத்திடம். உள்ளே பணிப்பெண் தட்டில் மிட்டாயும் காதுக்குப் பஞ்சும் நீட்டினார். சொர்ணம் இரண்டிலும் கைநிறைய அள்ளினாள். “காது ரெண்டுதான இருக்கு உனக்கு?” என்றேன். “ஊருக்குப் போய்க் காட்டணும்ல” என்றாள்.

கதவை மூடினார்கள். ஓட்டம் தொடங்கியது. மூக்கு முதலில் எழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னையும் சேர்த்துத் தூக்கும் என்பதைப் புத்தகத்தில் படிப்பதும் உடம்பில் உணர்வதும் ஒன்றல்ல. விடும் மூச்சை நீட்டினேன். கடலுக்கு மேல் மேகத்துக்குள் நுழைந்ததும் விமானம் கரடுமுரடான உசிலம்பட்டிச் சாலையில் போவதுபோல் குலுங்கியது. பயம் ஏறியது. நான் எங்கும் போகவில்லை. போக இடமும் இல்லை. மாத்திரை சட்டைப் பையிலேயே இருந்தது.

மேகத்தைத் தாண்டியபோது கீழே வெள்ளைவெளேரென்று ஒரு பெரிய சமவெளி. பருத்தி வெடித்துக் கிடந்த காடு மாதிரி. என் இதயம் அடித்துக்கொண்டேதான் இருந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். கே.கே. நகர்க் கூடத்தில் என்னைக் கொல்ல வந்த அதே வேகம், அதே துடிப்பு. ஆனால் இப்போது நான் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு சொர்ணத்தின் தோளை உலுக்கிக்கொண்டிருந்தேன். பயத்துக்கும் குதூகலத்துக்கும் உடம்பு வைத்திருப்பது ஒரே முத்திரைதான். கீழே எழுதப்படும் குறிப்புதான் வேறு.

போர்ட் பிளேயரில் மழை. மாப்பிள்ளை குடையோடு ஓடி வந்தார்.

“மச்சான்! வந்துட்டீகளா! ஒரு வரி போட்டா என்ன மச்சான்? நீங்க வருவீகளோ மாட்டீகளோன்னு காலையில இருந்து இங்கயே நிக்கிறேன்.”

“போட்டேனே மாப்ள.”

“எங்க போட்டீக? கடல்லயா?”

வீட்டு வாசலில் பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியை ஓங்கினாள், பிறகு அழுதாள். “வேற ஆளு யாரையும் நான் கேக்கலண்ணே. நீங்க வரலேன்னா புள்ள தனியாத்தான் நடந்து வரும்னு சொல்லிட்டேன்.” விதிவிலக்கு அவளிடம் செல்லாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முகூர்த்தத்தன்று கயல்விழியின் கையைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது, சில்லென்று நடுங்கியது. “மாமா, பயமா இருக்கு” என்றாள்.

“இருக்கட்டும்த்தா. மூச்ச மெதுவா விடு. அது தன்னால இறங்கும்” என்றேன். மணவறை வரைக்கும் இருவரும் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே நடந்தோம். அது மணப்பெண்ணுக்குரிய நாணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மழை விட்டது. பந்தலடியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கப்பல் தபால் வந்திருந்தது. பேச்சியம்மாள் ஓர் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, முகத்தை மிகவும் பவ்வியமாக வைத்துக்கொண்டு என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணே, மதுரையில இருந்து எங்கண்ணன் எழுதியிருக்காக. பொறப்பட்டு வாராகளாம். எலையப் போடட்டுமா, காத்திருக்கட்டுமா?”

பந்தலே சிரித்தது. கடிதத்தை வாங்கிப் படித்தேன். ‘கவலை வேண்டாம், வருகிறோம்’ என்று எழுதியவன் இன்னும் விமானம் ஏறியிருக்கவில்லை. கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. அவன் எனக்குத் தூரத்து உறவுபோல் தெரிந்தான். கடல் நடுவில் எங்கேயோ அவனை நான் தாண்டி வந்திருக்கிறேன். கீழே கப்பலில் அவன், மேலே ஜன்னலில் நான்.

பேனாவை வாங்கி, உறையின் மூலையில் பழைய வழக்கப்படி குறித்துச் சுருக்கொப்பம் இட்டேன். பெறப்பட்டது: ஆவணி இருபது.