மேலாளர் அருணாசலமும் அவர் கேட்ட தொலைபேசிப் பதிவும்

புதுவயல் அரிசி ஆலையின் மேலாளர் அருணாசலம் போய்விட்டார் என்று, அங்கே கணக்கு பார்த்த லதா போனில் சொன்னார். "மாலை வாங்கப் போறீகளாண்ணே?" என்று கேட்டார். போனேன். இறந்த வீட்டில் ஒருவர் அவரைக் கண்டிப்பான நிர்வாகி என்றார். அவரிடம் வேலை பார்த்த உங்களில் பலர் தலையை ஆட்டினீர்கள். நான் ஆட்டவில்லை.

அலுவலகங்களுக்குத் தொலைபேசி, கம்ப்யூட்டர் இணைப்புக் கொடுப்பது என் தொழில். அருணாசலம் என்னை அழைத்தது ஊழியர்களைக் கண்காணிக்க. "போன் ஆபீசோடது. அப்ப அதுல பேசுற பேச்சும் ஆபீசோடதுதான்" என்றார். எந்த மேசையிலிருந்து எந்த எண்ணுக்கு எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பது, பேச்சு முடிந்ததும் நெட்வொர்க் வழியாக அவர் கம்ப்யூட்டருக்கு வர வேண்டும்.

முதலில் ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முகவரி காலைதோறும் மாறிக்கொண்டிருந்தது. மேசை போன்களை இணைக்கும் பெட்டியோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. விளக்கினேன். "இவங்க உனக்குக் காபி வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டிட்டாகளா?" என்றார். முகவரியை மாறாதபடி நிறுத்தியதும் விவரம் வந்து விழுந்தது. நன்றி சொல்லவில்லை. தன் செல்போனிலும் அது தெரிய வேண்டும் என்றார்.

அதன் பிறகு எல்லோருடைய செல்போனும் காலையில் வாசல் பெட்டிக்குள் போனது. வெளியே பேச அவர் அனுமதி வேண்டும். லதா தன் மகளின் விடுதிக்குப் பேசியதை, அருணாசலம் எல்லோர் முன்னாலும் எண்ணோடு சத்தமாகப் படித்தார். அன்று அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தில் ஒரு மனிதருக்கு இவ்வளவு பெரிய சந்தோஷமா என்று அருவருப்பாக இருந்தது.

ஒருநாள் அவர் காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் அலுவலகத்தில் ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன். ஆலைக்குள்ளிருந்து அலறல். அங்கே வேலை பார்த்த கணேசனின் கை இயந்திர பெல்ட்டில் சிக்கிவிட்டது. லதா ரிசீவரை எடுத்தார். "மேனேஜர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேசும்மா" என்றார் காசாளர். லதா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆம்புலன்சைக் கூப்பிட்டு முடித்தார்.

வைத்த உடனே மணி அடித்தது. வழி கேட்க ஓட்டுநர்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்தார். அருணாசலம். பந்தலில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்திருக்கிறார். அவர் குரல் எனக்கே கேட்டது.

"யாரக் கேட்டு வெளிய பேசுனே?"

"கணேசன் அண்ணனுக்குக் கை போச்சு சார். ஆம்புலன்ஸ் வருது."

"அது வரட்டும். யாரக் கேட்டுப் பேசுனேன்னு கேக்குறேன்."

"வண்டிக்காரர் வழி கேட்டுக் கூப்பிடுவாரு. லைன விடுங்க."

அவர் விடவில்லை. லதாதான் வைத்தார்.

கணேசன் பிழைத்துக்கொண்டார், வலக்கை விரல்கள் போயின. மறுநாள் அருணாசலம் மருத்துவமனைக்குப் போகவில்லை; அலுவலகத்துக்கு வந்து லதாவை வேலையை விட்டு நிறுத்தினார். காரணம், அவர் பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைத்தது. காசாளர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நான் என் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். "இன்னும் வேலை பாக்கி இருக்கு" என்றார் அருணாசலம். "வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றேன். அந்த ஆலைப் பக்கம் பிறகு போகவில்லை.

இன்றும் இதே பதிவு வேண்டும் என்று அலுவலகங்களிலிருந்து கூப்பிடுகிறார்கள். செய்துகொடுக்கிறேன். ஆனால் முதலில் முதலாளியைப் பக்கத்தில் நிற்கவைத்து, ஆம்புலன்சைக் கூப்பிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று ஊழியர்கள் காதுபட அவர் வாயாலேயே சொல்லவைக்கிறேன். மறுப்பவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். அருணாசலத்தால் எனக்கு மிஞ்சியது இந்த ஒரு பழக்கம்தான். அதையும் அவர் கற்றுக்கொடுத்தார் என்று சொல்ல எனக்கு மனமில்லை.