கடல் பட்டம் திருத்துறவளின் நெஞ்சிடி

கடலில் மனிசரை இழுத்துக்கொண்டு ஓடுற பட்டங்களைத் திருத்துற தொழிலில் கிழிசலைக் கண்டு பயப்படத் தேவையில்லை. கொண்டு வாறவர் அதுக்கு என்ன செய்தவர் எண்டு வாய் திறக்கேக்கதான் நெஞ்சைப் பிடிக்கவேணும். கார் திருத்துறவை, பல்லுக் கட்டுறவை, கொம்பியூட்டர் திருத்துறவை, உங்கள் எல்லாருக்கும் இந்த வருத்தம் விளங்கும். சிட்னிக்கு வந்த புதிசில பாய்ப்படகுகளுக்குப் பாய் தைச்சனான். இரண்டாயிரத்துக்குப் பிறகு இளசுகளுக்கு இந்தக் கடல் பட்டப் பைத்தியம் பிடிக்க, நார்த்மீட் வீட்டுக் கராஜில மெஷினைப் போட்டு அதையே தைக்கத் தொடங்கினன்.

குளிர்கால விருந்தாளிகள்

பட்டத்தைக் கடலால கொண்டுவந்தால் நல்ல தண்ணியில கழுவி, நிழலில காயவிட்டுத்தான் சுருட்டவேணும். இதைச் சொல்லிச் சொல்லியே என்ர தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு. ஒரு வெள்ளைக்காரப் பிளம்பர், நல்ல மனிசன், ஈரத்தோட சுருட்டிக் குளிர்காலம் முழுக்க ஷெட்டில போட்டு வைச்சிருந்தார். கராஜில விரிச்சால் பூஞ்சண மணம் அடிக்குது. அடுத்த மடிப்பை விரிக்க, ஐயோ, ஒரு தாய் எலியும் கண் திறக்காத ஆறு குட்டியளும்! நான் கத்தின கத்தில பக்கத்து வீட்டு நாய் குலைக்கத் தொடங்கிற்று. மனிசன் ஆடேல்லை, அசையேல்லை.

"நோ வொறீஸ், லவ், அதுகள் கடிக்காதுகள்."

வாஷிங் மெஷின்

குகன் எங்கட தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பெடியன். மருந்துக்கடையில ஃபார்மசிஸ்ற். தகப்பன் இல்லை, தாய்க்கு ஒரே பிள்ளை. ஒருநாள் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாத்தால் துணி ஒட்டடைத் துணி மாதிரித் தொங்குது. மேற்பூச்சு முழுக்கப் போய், தையல் விட்டு, மல்லிகைப்பூ வாசம் வேற அடிக்குது. "என்னடா செய்தனீ?" எண்டன். தான் வேலைக்குப் போன நேரம், அம்மா சுடுதண்ணியில வாஷிங் மெஷினில போட்டு, பிறகு ட்றையரிலயும் போட்டுட்டாவாம். காத்தடிக்கிற முன்விளிம்பில மட்டும் பிறஷ் போட்டு உரஞ்சின அடையாளம் இருந்தது. ஏனெண்டு கேட்டன்.

"அதைக் கொலர் எண்டு நினைச்சிட்டா, அக்கா. அழுக்குப் போகேல்லை எண்டு இன்னும் கவலைப்படுறா."

அன்ரி வந்த அலுவல்

ரெண்டு நாளால அந்தத் தாய் தனிய வந்தா. கதிரையில இருக்கச் சொல்லியும் இருக்கேல்லை. "பிள்ளை, இதைத் திருத்தேலாது எண்டு சொல்லிவிடு. அவன் காத்தில எழும்பினதை ஒருநாள் போய்ப் பாத்தனான். பிறகு எனக்குச் சோறு இறங்கேல்லை. ஒண்டே ஒண்டுதான் வைச்சிருக்கிறன்" எண்டு கையைப் பிடிச்சிட்டா. நான் திடுக்கிட்டுப் போனன். திருத்தாதை எண்டு கேட்டு வந்த முதல் ஆள் அவதான்.

பொய் சொல்லலாம். ஆனால் அவன் ஆரிட்டையும் உக்கின பழசை வாங்கிக்கொண்டு போவான், அது இன்னும் ஆபத்து. அதைச் சொல்லி, பட்டத்தோட வந்த, அவன் பிடிக்கிற தடியில இருந்த சிவப்புக் கைப்பிடியைக் காட்டினன். "அன்ரி, காத்து மிஞ்சினால் இதைத் தள்ளிவிடுவான். பட்டம் உடன விழுந்திடும். அவன்ர உயிர் இதுக்குள்ளதான் இருக்கு. இதை நான் கழட்டிக் கழுவித்தான் குடுப்பன்." அன்ரி அதைக் கனநேரம் தடவிப் பாத்தா.

"அப்ப இதைத்தான் பாக்கவேணும் எண்டுறாய்."

தள்ளுப்படாத கைப்பிடி

பட்டத்துக்குப் புதுத்துணி வைச்சு, கைப்பிடியைக் கழுவி, பத்துத்தரம் தள்ளிப் பாத்துத்தான் குடுத்தனான். அடுத்த கிழமையே குகன் தோள்மூட்டு விலகி, ஒரு கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தாயோட வந்து நிக்கிறான். திடீர்க் காத்து அவனைக் கடற்கரை மணலில இழுத்துக்கொண்டு பாறைப் பக்கம் போயிருக்கு. தள்ளியிருக்கிறான். கைப்பிடி அசையேல்லை. ஆரோ ஒருத்தர் ஓடிவந்து பட்டத்தில பாய்ஞ்சு விழுந்து மடக்கினபடியால் இண்டைக்கு உயிரோட நிக்கிறான்.

நான்தான் எங்கேயோ பிழை விட்டிருக்கிறன், ஒரு தாயின்ர பிள்ளையைக் கொல்லப் பாத்திட்டன் எண்டு நெஞ்சு படபடவெண்டு அடிச்சது. அவன் கொண்டுவந்த கைப்பிடியைக் கழட்டினன். உள்ளுக்குள்ள மஞ்சளா, கல்லு மாதிரி ஏதோ இறுகிக் கிடக்கு. சுரண்டி மணந்து பாத்தன். சந்தனம்! அதுக்க குங்குமமும் கடல் மணலும் சேந்து சீமெந்தாப் போயிருக்கு. புதுக்கார் எடுத்தால் பூசை செய்யிறமே, அந்தப் பூசை இதுக்கும் வீட்டுச் சாமியறையில நடந்திருக்கு. வெளியில பூசினதைக் குகன் துடைச்சிருக்கிறான், உள்ளுக்குள்ள போனதைக் காணேல்லை. தண்ணியில இறங்க முதல் ஒருக்காத் தள்ளிப் பாக்கச் சொல்லி நான் குடுக்கேக்கச் சொன்னதையும் அவன் செய்யேல்லை.

"அன்ரி, என்ன வேலை பாத்தனீங்கள்!" எண்டு கத்திட்டன். அவவின்ர முகம் வெளிறிப்போச்சு. மகன்ர கட்டுப்போட்ட கையைப் பிடிச்சபடி சொன்னா:

"உயிர் அதுக்குள்ள இருக்கு எண்டு நீதானே பிள்ளை சொன்னனீ, அதுதான் அதுக்கு மட்டும் கனக்கப் பூசினனான்."

உப்பு, மணல், வெயில் மூண்டிலயும் இருந்து பட்டத்தைக் காப்பாத்த என்னட்ட வழி இருக்கு, தாய்மாரிட்ட இருந்து காப்பாத்தத்தான் இன்னும் ஒண்டும் தெரியேல்லை.