இருளப்பன் குடம் விழுந்த படம்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பேய் என்றால் அமாவாசை, புளியமரம், வெள்ளைச் சேலை மூன்றும் சேர்ந்து வரவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்றரை மணிக்கு வந்தது. வேட்டி கட்டியிருந்தது.

1978. மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். நான் அங்கே லோரி ஓட்டினேன். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ராதாகிருஷ்ணனுக்குத் தன்னைத் தவிர எல்லாரும் முட்டாள்கள். அதில் பாதி உண்மை. அவர் ஈப்போவில் ஒரு காமிரா வாங்கிவந்தார். மற்றவர்கள் பூவையும் மலையையும் எடுப்பார்கள். இவர் உடைகிற சாமான்களை எடுத்தார்.

வீட்டு ஹாலில் சன்னலுக்குக் கம்பளி கட்டி இருட்டாக்குவார். காமிராவின் கண்ணைத் திறந்தபடி வைப்பார். பழைய டேப் ரெக்கார்டரில் பிடுங்கிய மைக்கை மேசைமேல் வைத்து, அதைப் பிளாஷ் விளக்கோடு சேர்த்திருப்பார். இருட்டில் நான் சுத்தியலால் அடிப்பேன். உடைகிற சத்தம் மைக்கில் விழுந்ததும் பிளாஷ் மின்னும். சிதறுகிற துண்டுகள் அந்தரத்தில் நின்றபடி பிலிமில் பதியும். சத்தம் இல்லாமல் பிளாஷ் மின்னாது. இதை மட்டும் ஞாபகம் வையுங்கள். கஷ்டம்தான், முயற்சி செய்யுங்கள்.

பல்பு போனது. கண்ணாடி டம்ளர் போனது. அவர் மனைவி நீலாவதி சீதனமாகக் கொண்டுவந்த பீங்கான் தட்டுகள் வரிசையாகப் போயின.

"வேலப்பண்ணே, சாமான் தீந்துட்டா அடுத்தது என் மண்டதான்லா" என்றாள் என்னிடம்.

அந்த வீட்டுக்கு வருசக்கணக்காக விறகு பிளந்த கிழவன் இருளப்பன். ஒண்டிக்கட்டை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது கிராணியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, எனக்குப் புள்ள குட்டி இல்ல. நீங்கதான் கொடம் தூக்கணும். நல்லா ஒடைச்சி அனுப்பிருங்க. ஒடையலன்னா எனக்குப் போக வழி இல்லீங்க."

சுற்றி ஆட்கள் நின்றதால் கிராணி தலையை ஆட்டினார்.

சுடுகாட்டில் எப்போதும்போலத்தான். கொள்ளி வைப்பவர் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துப் பிணத்தை மூன்று சுற்றுச் சுற்றுவார். சுற்றுக்கு ஓர் ஓட்டை போடுவார்கள். பிறகு குடத்தை முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டு நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. கிராணி போட்டார். நடந்தோம். யாரும் திரும்பவில்லை.

உடைந்த சத்தமும் யார் காதிலும் விழவில்லை.

பனிமூட்டத்தில் சத்தம் அமுங்கிவிட்டது என்று பேசிக்கொண்டோம். கூட்டமாகச் சேர்ந்தால் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் நம்புவார்கள்.

அடுத்த ஞாயிறு கிராணி கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் மண்குடம். வயிற்றில் மூன்று ஓட்டை.

"கிராணியாரே... இது..."

"தேயிலைச் செடிமேல கெடந்துச்சி. ஒரு கீறல் இல்ல. நல்ல கொடம், ஏன் வீணாக்கணும்?"

"இருளப்பனுக்கு ஒடைக்க வேண்டியதுங்க."

"இப்பவும் ஒடைக்கத்தானே போறோம்? அவனுக்கும் வழியாச்சி, எனக்கும் படமாச்சி."

நான் அடிக்க மாட்டேன் என்றேன்.

"லோரி ஓட்டுற ஆம்பளயாம்! போ, நீ காமிராகிட்ட நில்லு" என்றார். அவரே சுத்தியலோடு மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் விளக்கை அணைத்தேன். காமிராவின் கண்ணைத் திறந்தேன்.

இருட்டு. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

பளிச்!

பிளாஷ் மின்னியது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. எங்கள் காதுக்கு எட்டாத ஏதோ ஒன்று மைக்குக்கு எட்டியிருக்கிறது.

"கையத் தட்டினியா?"

"இல்லீங்க."

அந்த வெளிச்சத்தில் எனக்கு மேசை தெரிந்தது. நாற்காலியில் கிராணி தெரிந்தார்.

குடம் தெரியவில்லை.

பளிச்!

இப்போது சொட்டுச் சத்தம்... தரையில் தண்ணீர் சொட்டுகிறது. குடம் காய்ந்த குடம். நான் தொட்டுப் பார்த்திருந்தேன்.

சொட்டு... சொட்டு... கிராணிக்குப் பின்னால் போனது. சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தது.

ஈர மண் வாசனை.

பளிச்!

பிறகு...

படார்! இந்தச் சத்தத்துக்கு மட்டும் பிளாஷ் மின்னவில்லை.

நான் தடுமாறிக் காமிராவின் கண்ணை மூடிவிட்டு விளக்கைப் போட்டேன். மேசை காலி. நாற்காலிக்குப் பின்னால் தரையெல்லாம் குடத்து ஓடு. தரை ஈரம்.

கிராணி சுத்தியலை ஓங்கியபடியே இருந்தார்.

"நான் இன்னும் அடிக்கவே இல்லையே" என்றார்.

உடனே சிரித்தும் விட்டார். எலி தள்ளியிருக்குமாம். எலி குடத்தைத் தூக்கி நாற்காலிக்குப் பின்னால் வைத்து உடைத்ததாம். படித்தவர்.

பிலிமைத் தானா ராத்தா டவுனில் ஸ்டூடியோவுக்குக் கொடுத்தேன். படம் வாங்கப் போனபோது கடை முதலாளியான சீனத் தவுக்கே படத்திலிருந்த கிராணி முகத்தில் விரலை வைத்து, "இனி ஓராங் பிலா மாத்தி?" என்றான். இந்த ஆள் எப்போது செத்தான் என்று கேட்கிறான். தோட்டத்துப் பிணப் படங்களைக் கழுவிப் பழகியவன். சாதாரணமாகத்தான் கேட்டான்.

படத்தைப் பார்த்தேன். நாற்காலியைச் சுற்றி மூன்று இடத்தில் ஒரே ஆள். வேட்டி. வெறும் முதுகு. தோளில் குடம், ஓட்டைகளிலிருந்து தண்ணீர் அந்தரத்தில் கம்பியாக நிற்கிறது. நடுவில் கிராணி. கண் மூடியிருக்கிறது. செத்தவர்களுக்கு வாய் திறக்காமலிருக்கத் தாடையோடு தலையைச் சேர்த்துக் கட்டுவோமே, அந்த வெள்ளைத் துணி... அவர் தலையில்.

"பிலிம் கெட்டுப்போச்சி" என்று கிராணி அதைக் கிழித்துப் போட்டார்.

மறுநாளே செத்தார் என்று எதிர்பார்க்கிறீர்கள். இல்லை. ஆறு வருசம் நன்றாகத் தின்று, நன்றாகத் தூங்கி, எல்லாரையும் திட்டிக்கொண்டு இருந்தார். 1984இல் நெஞ்சுவலி. இயற்கையான சாவு. டாக்டரே சொன்னார்.

மூத்த மகன் குடம் தூக்கினான். இந்தத் தடவை செடிப் பக்கம் வேண்டாம், பாறைமேல் விழுகிற மாதிரிப் போடு என்று நானே இடம் காட்டினேன். மூன்று சுற்று. மூன்று ஓட்டை. போட்டான். எல்லாரும் நடந்தார்கள்.

'தொப்' என்றது. ஈரத் துணிமேல் விழுந்த மாதிரி.

நான் திரும்பிப் பார்த்தேன்.

பாறைமேல் குடம் நிமிர்ந்து நின்றது. முழுசாக. மூன்று ஓட்டையிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நின்று பார்த்தேன். குறையவே இல்லை.

அன்று ஹாலில் இருளப்பன் அவரைப் பிணம்போல மூன்று சுற்றுச் சுற்றிக் குடத்தைப் போட்டதோடு, அவருக்கான உடைப்பு ஆறு வருசத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. அந்த வழியில் இருளப்பன் போய்விட்டான்.

அப்படியானால் கிராணி எங்கே?

குடம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன மாதம்கூடத் தூரத்திலிருந்து பார்த்தேன். பாறை ஈரமாக இருந்தது. போய் உடைத்துவிட்டு வரவேண்டியதுதானே என்பீர்கள்.

கியா பார்ம் தாண்டி மேலே ஏறினால் வழி. சுத்தியல் என்னிடம் இருக்கிறது, தருகிறேன். நீங்கள் போய் உடையுங்கள்.