ஜாமீனுக்குக் கொடுத்த நம்பர்

ஐதராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் நிற்பவனுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவனைத் திட்டுவோம். செகந்திராபாத் ரயில்வே காலனியில் என் அப்பா இதைச் செய்தார். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்த நான், மேலதிகாரி ஒருவரையும் விட்டுவைத்ததில்லை. ஒரு தடவைகூட மாட்டிக்கொண்டதும் இல்லை. தவளை தன் வாயால் கெடும் என்பது அறுபத்தாறு வயதில்தான் எனக்குப் பலித்தது.

காலை பத்து மணி இருக்கும். மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். போனில் பதிவு செய்த குரல் ஒன்று, தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பேசுவதாக இந்தியில் சொன்னது. இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும், விவரத்துக்கு ஒன்பதை அழுத்தவும். அழுத்தித் தொலைத்தேன். ஒருவன் வந்தான். என் ஆதாரை வைத்து மும்பையில் ஒரு சிம் வாங்கியிருக்கிறார்களாம், அதிலிருந்து பெண்களுக்கு ஆபாசச் செய்தி போயிருக்கிறதாம், என் பேரில் வழக்கு இருக்கிறதாம். நான் இல்லை என்றேன். அவன் குரலை உயர்த்தினான். பழக்க தோஷம், போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சவத்து மூதி, காலங்காத்தால வந்து சேருதான் பாரு" என்று முணுமுணுத்தேன்.

அவன் காதில் அது விழுந்துவிட்டது. ஒரு நிமிஷம் இருங்கள் என்று இந்தியில் சொன்னான். பிறகு வேறொரு குரல், சிரித்துக்கொண்டே வந்தது.

"என்ன அண்ணாச்சி, இப்படி ஏசுதிய? நமக்கு எந்தப் பக்கம்? திருநெல்வேலியா, தூத்துக்குடியா?"

இந்த ஊரில் நான் அங்கிள், சார், சில இடங்களில் மதராசி. மகன் நான் தமிழில் கேட்பதற்கு இங்கிலீஷில் பதில் சொல்வான், பேத்திக்குத் தெலுங்குதான் வரும். அப்பாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி; அவர் போனபின் அந்தத் தமிழை என் காது கேட்டதில்லை. அண்ணாச்சி என்று அவன் சொன்னதும் எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷமாக இருந்தது என்று எழுதும்போது இப்போது பல்லைக் கடிக்கிறேன்.

வீடியோவில் வந்தான். காக்கிச் சட்டை, பின்னால் தேசியக் கொடி, மேஜைமேல் ஃபைல்கள். "அந்த இந்திக்காரன் உங்கள இன்னைக்கே உள்ள தூக்கிப் போடணும்னு நிக்கான். நம்ம ஊர்க்காரரு, நான் பாத்துக்கிடுதேன்னு ஃபைல வாங்கி வச்சிருக்கேன். நீங்க கேமராவ விட்டு நகராம இருந்தாப் போதும். வீட்டுல யாருகிட்டயும் மூச்சு விடாதிய."

எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். வீடியோவில் கைது செய்வது என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது என்ற எச்சரிக்கையை நானே குடும்ப குரூப்பில் நாலு முறை அனுப்பியிருக்கிறேன். ஆனால் என் மனசுக்குள் அந்தத் திருடர்கள் எல்லோரும் இந்தி பேசினார்கள். என் அப்பாவின் தமிழைப் பேசிக்கொண்டு ஒருவன் வருவான் என்று எவனும் எச்சரிக்கவில்லை.

இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. பென்ஷன் எவ்வளவு, எந்தெந்த வங்கி, எல்லாம் ஒப்பித்தேன். பிறகு அவன் சொன்னான்: "அண்ணாச்சி, ஒரு ஜாமீன் ஆளு வேணும். உங்களப் பத்தி நல்லபடியா நாலு வார்த்த சொல்லதுக்கு. கௌரவமான ஆளா இருக்கணும்."

யோசிக்கவே இல்லை. தார்நாகாவில் இருக்கும் என் நண்பனின் பெயரையும் நம்பரையும் கொடுத்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் ரயில்வே காலனியில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அவன் அப்பா மதுரைப் பக்கம், என் அப்பாவோடு ஒரே ஒர்க்ஷாப்பில் வேலை. அவன் படித்து ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியானான், நான் டிப்ளமாவோடு நின்றேன். ஏழு வயதிலிருந்து அவன் என்னை 'டா' போடாமல் ஒரு வாக்கியம் முடித்ததில்லை. என் பேத்தியின் பிறந்தநாளில், விருந்தாளிகள் முன்னால்கூட "என்னடா" என்றுதான் கூப்பிட்டான். நான் கோபித்துக்கொண்டால், "நக்கோடா, உனக்கெல்லாம் மரியாதை கொடுத்தா உடம்புக்கு ஆகாது" என்பான். நக்கோ என்றால் ஐதராபாத் உருதுவில் வேண்டாம்.

அவனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய விஞ்ஞானி, மத்திய அரசு பென்ஷன், மனைவி இறந்துவிட்டாள், மகள் வெளிநாட்டில், தனியாகத்தான் இருக்கிறான், சொன்ன சொல் மாறாதவன். காக்கிச் சட்டைக்காரன் குனிந்து எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். என் தலையிலிருந்து பாரம் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போது மனைவி சாவி போட்டுத் திறந்துகொண்டு வந்தாள். உள்ளே வராதே என்று கையைக் காட்டினேன். அவள் காய்கறிப் பையோடு வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அம்மா, கொஞ்சம் வெளிய இருங்க. அண்ணாச்சிகிட்ட விசாரணை நடக்கு" என்றான் அவன்.

"போலீஸ்காரன் எவன் அக்யூஸ்டை அண்ணாச்சின்னு கூப்பிடுவான்?" என்று கேட்டுவிட்டு, போனைப் பிடுங்கி அணைத்தாள். என் பணம் ஒரு பைசா போகவில்லை.

உடனே புகார் எண்ணுக்கு அடித்தோம். மத்தியானம் ஸ்டேஷனுக்கும் போனோம். ஒரு பெண் கான்ஸ்டபிள், பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டு எழுதினாள். பயந்து ஒளிந்துகொள்ளாமல் வந்து சொன்னதற்குப் பாராட்டினாள். கடைசியில், "இங்கா எவரி நம்பரைனா இச்சாரா சார்?" என்றாள். வேறு யாருடைய நம்பராவது கொடுத்தீர்களா?

பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். வரும் வழியிலேயே இரண்டு முறை என்னை முட்டாள் என்று சொல்லியிருந்தாள். நண்பனையும் சேர்த்து அடகு வைத்துவிட்டேன் என்று அவள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "லேதம்மா" என்றேன். முப்பத்துநாலு வருஷம் அடுத்தவன் வேலையில் விரிசல் தேடிச் சம்பளம் வாங்கிய நான், என் ரிப்போர்ட்டில் ஒரு பொய்யை எழுதவிட்டு, கையெழுத்துப் போட்டு வந்தேன்.

மறுநாள் நண்பனுக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் கூப்பிட்டேன், சத்தியமாக.

"என்னடா, உயிரோட இருக்கியா?" என்றான். தண்ணீர் லாரி வராத கதையைச் சொன்னான். முழங்கால் வலியைச் சொன்னான். "சரி, கைக்கு போன் பண்ணே? என்ன விசேஷம்?" எதற்கு என்பதை எங்கள் ஐதராபாத் உருதுவில் கேட்டான்.

"சும்மாத்தான்" என்றேன்.

சொன்னால் சிரிப்பான். சிரித்துவிட்டு, அடுத்த பத்து வருஷம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன், அவ்வளவுதான் காரணம். அவன் விஞ்ஞானி, அவனை எவன் ஏமாற்ற முடியும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஊருக்கு உபதேசம் செய்ய ஆளா இல்லை? மைக்கைப் பிடித்து, தெலுங்கில், அவன் பேச்சை வைத்தே நான் சந்தேகப்பட்டதாகச் சொன்னேன். "எந்தப் போலீஸ்காரன் அண்ணா, தம்பி என்று உறவு கொண்டாடுவான்?" என்று நான் கேட்டதும் கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் என் மனைவி கையிலிருந்த பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ வீடியோ எடுத்துத் தமிழ் குரூப்பிலும் போட்டார்கள்.

வியாழக்கிழமை நண்பன் கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது. "உன் வீடியோ" என்று சொல்லவில்லை, "கூட்டத்து வீடியோ இன்னைக்குக் காலையிலதான் பார்த்தேன்" என்றான். "கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வர முடியுமா?" அந்தப் பேச்சில் 'டா'வும் இல்லை, 'நீ'யும் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அந்தத் திருடர்கள் அவனைப் போனில் பிடித்திருக்கிறார்கள். இரண்டு நாள் முழுக்கக் கேமரா முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். குளிக்கப் போனால்கூடப் போனைக் கதவருகே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் சேர்த்ததெல்லாம் போய்விட்டது. தொகையை எழுத எனக்குக் கை வரவில்லை.

அதே ஸ்டேஷன், அதே கான்ஸ்டபிள். என்னைப் பார்த்ததும் நமஸ்காரம் சொன்னாள். நண்பன் கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்ததால் அவன் சொல்லச் சொல்ல நான்தான் புகாரை இங்கிலீஷில் எழுதினேன். பாதியில் அவள் கேட்டாள், "உங்கள் நம்பர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

என் பேனா நின்றது. நண்பன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெலீதம்மா" என்றான். தெரியாது என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அவன் முதல்ல சொன்னதே உங்க பேருதான். அண்ணாச்சியைக் காலையில உள்ள வச்சிட்டோம், நீங்கதான் ஜாமீன், நீங்க ஒத்துழைச்சா அவரை விட்டுடுவோம்னு சொன்னான். உங்களுக்கு ஃபோன் பண்ணக் கூடாதுன்னுட்டான். பண்ணினா உங்களை மும்பைக்குக் கொண்டு போயிடுவாங்களாம்."

நான் அவன் கையைப் பிடித்தேன். "என்னடா நீங்க, உங்கன்னு பேசறே?"

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். "வெயில்ல நிக்காதீங்க. வீட்டுக்குப் போங்க."

ஆட்டோ போனதும் திரும்ப உள்ளே போனேன். நம்பரைக் கொடுத்தது நான்தான், அந்தத் 'தெரியாது' என்ற வரியை மாற்ற வேண்டும் என்று கான்ஸ்டபிளிடம் சொன்னேன். இந்த முறை சார் போடவில்லை. உங்கள் வாக்குமூலத்தைத் தனியாக எழுதிக்கொள்கிறேன், ஆனால் அந்தப் புகாரில் கையெழுத்துப் போட்டவர் வந்து சொன்னால்தான் அந்த வரியை மாற்ற முடியும் என்றாள்.

அங்கிருந்தே அவனுக்கு போன் செய்து, திரும்பி வா என்று கெஞ்சினேன்.

"பரவாயில்லைங்க, விடுங்க" என்றான்.