வெறும் எம்.பி.பி.எஸ்.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்தார் அந்த இளம் டாக்டர். கண்ணுக்குக் கீழே கருவளையம், மழிக்காத தாடி. வலது கை ரசஞ்சோற்றைப் பிசைய, இடது கை போனில் நுழைவுத் தேர்வுக் கேள்விகளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. என் மகளுக்கு மருத்துவ சீட் கைநழுவிய வருஷம் அது. அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

பந்தி விசாரிக்க வந்த உறவுக்கார அம்மா ஒருவர் கைப்பையிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"ஏனுங்க, நீங்க எதுக்குங்க டாக்டரு?"

"எம்.பி.பி.எஸ்.ங்க. மேல்படிப்புக்கு எழுதிட்டிருக்கேன்."

"ஓ, வெறும் எம்.பி.பி.எஸ்.தானுங்களா?"

ரிப்போர்ட் மறுபடி பைக்குள் போய்விட்டது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அந்தச் சந்தோஷத்தில் அவரிடம் மகளைப் பற்றிச் சொன்னேன்.

"தப்பிச்சுட்டாங்கன்னு நெனச்சுக்குங்கண்ணா. அஞ்சரை வருசம் படிச்சாச்சு. இன்னும் மூணு வருசம் படிச்சாத்தான் டாக்டருன்னே ஒத்துக்குவாங்க. அந்த சீட்டுக்கே ரெண்டு தடவ எழுதிப்போட்டேன், இன்னும் கெடைக்கல. பள்ளிக்கூடத்துல கூடப் படிச்ச இஞ்சினியருக்கெல்லாம் கல்யாணமாகிக் கொழந்தையும் ஆயிருச்சு."

இலை நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பசியைப் பற்றிப் பேசுகிறாரே என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மகளிடம் ஒப்பித்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அவரு படிப்ப உட்டுப்போடறேன்னு சொன்னாருங்களாப்பா?" என்றாள்.

சொல்லவில்லை. கை கழுவப் போகும்போதுகூட அந்தப் போனை அவர் கீழே வைக்கவில்லை.