வெட்டிய பதினைந்து

எவரிஸ்து சித்தப்பா மலிவு ஒயினுக்கு மார்க் போடுகிறவர். விசேவு நகரத்துத் தபால் நிலையத்தில் வேலை. வருஷத்துக்கு இரண்டு முறை, பெரிய கடைக்காரர்கள் கூட்டும் ருசிபார்ப்பில் ஏழு பேரில் ஒருவராகப் போய் உட்காருவார். விலை கூடின ஒயினைப் புகழ யாராலும் முடியும், மூன்று யூரோ குப்பியில் நல்லதைக் கண்டுபிடிக்கத்தான் மூக்கு வேண்டும் என்பார்.

போர்ச்சுகலின் எல்லாப் பக்கத்து ஒயினும் அங்கே வரும். ஊர் தெரியாமலிருக்கக் குப்பிகளுக்குச் சாம்பல் நிறக் காலுறை மாட்டியிருப்பார்கள். வாயில் வைத்து, துப்பி, இருபதுக்கு இவ்வளவு என்று பேனாவால் எழுதவேண்டும். தாளில் மார்க் போடுகிறவர் பெயர் கிடையாது. எழுதியதை மாற்றினால் மட்டும் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும். சராசரி பதினான்கு வந்தால் கடை எடுத்துக்கொள்ளும்.

அந்த வருஷம் எங்கள் ஊர் ஒயின் கூட்டுறவுச் சங்கத்துக்கு வேறு வழியில்லை. பழைய வியாபாரிகள் விலகிவிட்டார்கள். இந்தக் கடையும் எடுக்காவிட்டால் சங்கத்தை மூடவேண்டியதுதான். சங்கத் தலைவர் என் அப்பா பெல்மீரு.

அன்று நடந்ததைச் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் மார்க் போட உட்கார்ந்திருந்த ஒதேத் அக்கா பிறகு சொன்னார். முதல் கோப்பையை வாயில் வைத்ததுமே அக்கா, "இத குடிக்கவா குடுத்தாங்க, கதவுக்கு வார்னிஷா அடிக்கவா?" என்றாராம். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஐந்தாவது கோப்பையில் சிரிப்பு நின்றுவிட்டது. முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். எழுதினார், வெட்டினார், வேறு எழுதினார்.

மூன்று வாரம் கழித்துத் தபாலில் எங்கள் ஒயினுக்குப் போட்ட மார்க் தாள்களின் நகல் வந்தது.

"காலேஜ் படிச்சவன் நீ, நீயே பாருடா" என்று அப்பா என்னிடம் நீட்டினார்.

கூட்டிப் பார்த்தேன். மொத்தம் தொண்ணூற்றேழு. வேண்டியது தொண்ணூற்றெட்டு. ஒரு தாளில் பதினைந்தை வெட்டிப் பதின்மூன்று என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது. அந்தத் தாளை அடியில் செருகினேன். அப்பா உருவி எடுத்துப் பார்த்தார். தம்பியின் கையெழுத்து அவருக்குத் தெரியாதா?

புது ஒயின் திறக்கும் மார்ட்டின் புனிதர் நாளன்று சித்தப்பா வழக்கம்போல வந்தார். அப்பா கஷ்கொட்டை சுட்டிருந்தார். புதியதைத் திறக்காமல், ருசிபார்ப்புக்கு அனுப்பியிருந்த போன வருஷத்து ஒயினை ஊற்றினார்.

"இதுக்கு எவ்ளோடா போடுவே?"

சித்தப்பா கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். "நம்ம கீழ்த்தோட்டத்து ஓரத்துல நிக்கிற யூகலிப்டஸ் மரத்து வாசன. பதினஞ்சு போடலாம்ணே."

"அன்னிக்கும் மொதல்ல அதத்தானே எழுதினே?"

சித்தப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "நம்மதுன்னு தெரிஞ்சுபோச்சுண்ணே. அண்ணன் ஒயினுக்குத் தம்பி அள்ளிப் போட்டான்னு பேசிருவாங்கன்னு பயந்துட்டேன்."

"யாரோ எவனோ செஞ்சதா இருந்தா?"

"பதினஞ்சுதான்."

"அப்ப உனக்குத் தெரியாதவனா பொறந்திருக்கணும் நான்."

சொல்லிவிட்டு அப்பா சூடு ஆறாத கஷ்கொட்டைகளை உரித்துத் தம்பியின் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். சித்தப்பா ஒன்றைக்கூடத் தொடவில்லை.

ஜனவரியில் சங்கத்தைப் பூட்டினார்கள். கீழ்த்தோட்டத்துக் கொடிகளை டிராக்டர் வைத்துப் பிடுங்கினோம். சித்தப்பாவும் வந்து நாள் முழுக்க வேர்களை இழுத்துப் போட்டார். ருசிபார்ப்புக்கு அழைத்து இரண்டு கடிதம் வந்தது. அவர் போகவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார். ஒயின் ஊற்றினால் முகர்ந்து பார்ப்பதில்லை. மருந்து குடிப்பதுபோல் ஒரே மடக்கில் விழுங்கிவிடுகிறார்.