மூன்றாம் மாடிக்குப் போகாத பொங்கல்

ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் நாங்கள் வளர்ந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் இன்று ஒரு நினைவுப்பலகை திறந்தார்கள். மூன்றாம் மாடியில் வாழ்ந்து இறந்த அமெரிக்கக் கறுப்பின ட்ரம்பெட் கலைஞருக்கு. ஒஸ்லோவுக்கு ஜாஸ் கற்றுத் தந்தவர் என்று பேசினார்கள். பேச்சுக்கு நடுவே நெய்யும் ஏலக்காயும் மணத்தன. வந்தவர்களுக்காக அம்மா சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்திருந்தார்.

அந்த மணம் என்னைப் பழைய படிக்கட்டுக்கு இழுத்துப் போனது. தைப்பொங்கலன்று வீட்டுக்கு வீடு கிண்ணம் கொண்டுபோவது என் வேலை. கீழ்வீட்டு நோர்வேஜியக் கிழவி அதை நாய்க்குத்தான் வைப்பாள். அவளுக்கும் போகும். ட்ரம்பெட்காரருக்கு மட்டும் போகாது.

"ஏன் அவருக்கு இல்லை?" என்று கேட்டேன்.

"காப்பிலி வீட்டை போகத் தேவையில்லை" என்றார் அப்பா. கறுப்பினத்தவரை இழித்துச் சொல்லும் சொல். அப்பா அவரைவிடக் கறுப்பு.

நான் கிண்ணங்களோடு இறங்கும்போதெல்லாம் அவர் கதவைத் திறந்து வைத்திருப்பார். வாசிப்பை நிறுத்திவிட்டு, "நல்ல மணம்" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிச் சிரிப்பார். நான் கடந்து போன பிறகுதான் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்.

இன்று பத்திரிகைக்காரப் பெண்ணிடம் அப்பா கதை சொல்லிக்கொண்டிருந்தார். "எங்கட வீட்டு ஆள் மாதிரித்தான். பொங்கலுக்கு முதல் கிண்ணம் அவருக்குத்தான் போகும்."

அவள் வேகமாக எழுதினாள். பிறகு என்னிடம் திரும்பி, "உங்களுக்கும் நினைவிருக்கிறதா?" என்றாள்.

"இருக்கிறது. மணம் மட்டும்தான் போகும்" என்றேன்.

அதை அவள் எழுதவில்லை.